அண்ணாச்சியின் 85

கம்ப்யூட்டர் என்ற வார்த்தையைப் பார்த்தவுடனே "நமக்கு எதுக்கு சார் அதெல்லாம்" என்று இந்தப் பக்கத்தை மூடிவிடும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது லினக்ஸ் பற்றிய பதிவுதான். ஆனால் பாதிக்கு மேல் ஒரு மனிதரைப் பற்றியது.

சுவிட்சைத் தட்டியதிலிருந்து மெஷின் நம்மிடம் பாஸ்வேர்டு கேட்கிற வரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது? வீட்டு லேப்டாப்பில் யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ஒரு டம்ளர் காபி ஆற்றுகிற நேரம், அவ்வளவுதான். அலுவலக சர்வரில் கதையே வேறு. ஓடிக்கொண்டிருக்கிற சர்வரை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், நாலு மணிக்கு வந்து, பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் அது தானாக எழுந்து காலையில் வேலைக்குத் தயாராக நிற்கிறதா என்பதுதான் பரீட்சை.

அந்தக் காலத்து முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் கெர்னல் எழுந்ததும் முதலில் ஒரே ஒரு புரோகிராமைத்தான் எழுப்பும். அதன் பெயர் இனிட். வரிசையில் அதற்கு நம்பர் 1. மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த ஏற்பாடு லினக்ஸ் கண்டுபிடித்ததல்ல. 1983-ல் ஏடி அண்ட் டி வெளியிட்ட யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வழியாக வந்தது.

இனிட் எழுந்தவுடன் இனிட்டேப் என்ற ஃபைலைப் படித்து, மெஷின் எந்த நிலையில் இயங்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளும். அந்த நிலைக்குப் பெயர் ரன்லெவல். ஒரு ஹோட்டலை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். ரெட் ஹாட் வகை லினக்ஸில் 0 என்றால் கடை மூடல். 1 என்றால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளி மட்டும் உள்ளே நின்று ரிப்பேர் பார்ப்பது. 2-ல் பலர் வரலாம், ஆனால் நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிர்வது கிடையாது. 3 முழு வியாபாரம், ஆனால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். 4 யாருக்கும் ஒதுக்காத மேஜை. 5 ஏசி ஹாலோடு முழு வியாபாரம், அதாவது ஜன்னல், மவுஸ் எல்லாம் உண்டு. 6 என்றால் கடையை மூடி உடனே திறப்பது. வழக்கமான நிலையாக 0 அல்லது 6 வைத்துவிடாதே என்று அந்த ஃபைலிலேயே எச்சரிக்கை எழுதியிருப்பார்கள். 6 வைத்தால் மெஷின் எழும், படுக்கும், எழும், படுக்கும். விடிய விடிய அதே வேலைதான்.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே எஸ் எழுத்தில் தொடங்கும் பெயர்கள் கிளப்புவதற்கு, கே எழுத்தில் தொடங்குபவை நிறுத்துவதற்கு. அந்த எழுத்தை அடுத்து இரண்டு இலக்க எண். நெட்வொர்க்குக்கு 10, பிரிண்டருக்கு 60, மெயிலுக்கு 80, கடைசியில் நம் சொந்தச் சில்லறை வேலைகளுக்கு 99. சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. அடுப்பு மூட்டாமல் இட்லிக் கொப்பரை ஏற்ற முடியாது, இட்லி வேகாமல் ஷட்டரைத் தூக்கக்கூடாது. அவ்வளவுதான் தத்துவம்.

இனி அண்ணாச்சிக்கு வருகிறேன்.

2002-ன் கடைசியில் நான் தெற்கே ஒரு அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன். பொதுமக்கள் வரிசையில் நின்று பணம் கட்டுகிற இடம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு சர்வர், ஆறு கவுண்ட்டர். காலை எட்டரைக்குக் கவுண்ட்டர் திறக்கும். எட்டு மணிக்கே வெளியே முப்பது பேர் நிற்பார்கள். கடைசித் தேதி என்றால் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். அன்றைக்குக் கம்ப்யூட்டர் எழவில்லையென்றால் அபராதம் அவர்கள் தலையில்தான் விழும்.

அந்த சர்வரைக் கிளப்பத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர், சீனியர் ஆபரேட்டர். வாசலில் இருந்த செக்யூரிட்டி முதல் மேலதிகாரி வரைக்கும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இயங்குதளம் தானாக எழும். அதற்கு மேல் டேட்டாபேஸ், பில் போடும் அப்ளிகேஷன், கவுண்ட்டர் பிரிண்டர்கள் எல்லாவற்றையும் அவர் ஒவ்வொன்றாகக் கையால் கிளப்புவார். அந்த வரிசை எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. சட்டைப் பையில் மடித்த ஒரு டைரித் தாள் உண்டு. அதிலும் பாதிதான் இருந்தது. மீதி அவர் தலைக்குள்.

அவர் வீடு அலுவலகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது அவர் மனைவி சொன்னார்: "ராத்திரி கரண்ட் போனா எல்லா வீட்டுலயும் விசிறியத் தேடுவாவ. எங்க வீட்டுல இவுக சட்டையத் தேடுவாக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷமாக அண்ணாச்சி ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்குப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பியவர்.

இதை ஸ்கிரிப்டாக எழுதிவிட்டால் மெஷினே பார்த்துக்கொள்ளுமே என்று அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் நான் எதுக்கு சார்?"

ரிட்டயர்மென்டுக்கு அவருக்கு இரண்டரை வருஷம் இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த பெரியவர்களை ரெக்கார்டு ரூமுக்கும் தூரத்துக் கிளைகளுக்கும் மாற்றியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பயம் நியாயமானதுதான். "அப்படியெல்லாம் ஆகாது அண்ணாச்சி" என்று சொல்ல எனக்கு அதிகாரமும் கிடையாது. ஆகவே அதைச் சொல்லவில்லை. "ஸ்கிரிப்டை நான் எழுதுறேன். சரியா இருக்குன்னு நீங்க சொல்லாம அது மெஷினுக்குள்ள போகாது" என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் கழித்து அந்த டைரித் தாளைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.

அப்புறம்தான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பித்தது. தாளில் இருந்தது வரிசை. அவர் தலைக்குள் இருந்தது காரணம்.

டேட்டாபேஸுக்கான ஸ்கிரிப்ட் வெளியே ஒரு கம்பெனி கொடுத்தது. டேட்டாபேஸைக் கிளப்பிவிட்டு அறுபது செகண்ட் காத்திருந்து 'ரெடி' என்று சொல்லிவிடும். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அறுபதுல வந்துரும்னு யாரு சொன்னா? நல்லபடியா நிறுத்தியிருந்தா பத்துலயே வரும். கரண்ட் போயி பொத்துனு விழுந்திருந்தா, பழைய கணக்கெல்லாம் சரி பாத்துட்டு வர நாலு நிமிசமும் ஆகும். அதுக்கு முன்னாடி பில் புரோகிராமத் தட்டுனா அது பாதி உசுரோட நிக்கும்." அவர் கையால் கிளப்பியபோது லாகில் ஒரு குறிப்பிட்ட வரி வரும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாராம்.

ஆகவே அப்ளிகேஷன் ஸ்கிரிப்டில் எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதிலாகக் கேட்டுப் பார்க்கும்படி எழுதினேன். ஐந்து செகண்டுக்கு ஒரு தடவை டேட்டாபேஸிடம் ஒரு சின்னக் கேள்வி. பதில் வந்தால் மேலே போ. பத்து நிமிஷத்தில் வராவிட்டால் லாகில் எழுதிவிட்டு அப்ளிகேஷனைக் கிளப்பாமல் விலகிக்கொள். இந்தப் பத்து நிமிஷக் கெடு அவசியம். பழைய முறையில் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். வரிசை முழுக்க முடிந்தபிறகுதான் மெஷின் முன்னால் லாகின் திரையே வரும். நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் முரண்டு பிடித்தால் பின்னால் நிற்கிற எல்லோரும் நிற்கவேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் எனக்குத் தோன்றியே இருக்காது. அப்ளிகேஷனைக் கிளப்புவதற்கு முன் அண்ணாச்சி தேதியைப் பார்ப்பார். மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால் மெஷின் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டும். அதைக் கவனிக்காமல் பில் போட்டால் பணம் கட்டினவருக்குத் தப்பான தேதியில் ரசீது போகும். "ரசீதுதான் சார் அவங்களுக்கு ஆதாரம். நாள தகராறுன்னு வந்தா அந்த ஆளு எங்க போயி நிப்பாரு?" என்றார். கடைசியாகப் போட்ட பில்லின் தேதியைவிட மெஷினின் தேதி பின்னால் இருந்தால் அப்ளிகேஷன் எழக்கூடாது என்று அதையும் சேர்த்தேன்.

டேட்டாபேஸுக்கு 75, அப்ளிகேஷனுக்கு 85 என்று எண் கொடுத்தேன். ஸ்கிரிப்டின் தலையில் "345 85 15" என்று ஒரு வரி எழுதினால் போதும். 3, 4, 5 ஆகிய நிலைகளில் கிளப்பு, கிளப்பும்போது 85-வது இடம், நிறுத்தும்போது 15-வது இடம் என்று அர்த்தம். கடைசியாக எழுந்தது முதலில் படுக்கவேண்டும், அதனால்தான் எண் தலைகீழாகிறது. செக்கான்ஃபிக் என்ற கட்டளை அந்த வரியைப் படித்து அந்தந்த ஃபோல்டரில் எஸ், கே பெயர்களைத் தானே போட்டுவிடும்.

அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டார்.

"85ன்னு போட்டுட்டீங்க. ஏன் 85ன்னு எவனுக்குத் தெரியும்?"

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்கே காரணம். எண் என்பது வரிசையை மட்டும்தான் சொல்லும். 75-க்குப் பின்னால் 85 வருகிறது. டேட்டாபேஸ் தேவைப்படுவதால் வருகிறதா, தற்செயலாக வருகிறதா, 84 ஆக மாற்றலாமா, 70 ஆக மாற்றினால் என்ன கெடும்? எண்ணிடம் பதில் கிடையாது. அன்று சாயங்காலம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படிக்கும் மேலே குறிப்பு எழுதினேன். ஏன் காத்திருக்கிறோம், ஏன் பத்து நிமிஷம், ஏன் தேதி பார்க்கிறோம். நாற்பது வரி ஸ்கிரிப்டுக்கு அறுபது வரி குறிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தோம். இனிட்டேப்பில் கரண்ட் போவதற்கென்றே இரண்டு வரிகள் உண்டு. கரண்ட் போய்விட்டது என்று யூபிஎஸ் மென்பொருள் இனிட்டுக்குத் தகவல் கொடுத்தால், இரண்டு நிமிஷத்தில் மெஷினை ஒழுங்காக நிறுத்தும் வேலை தொடங்கும். அதற்குள் கரண்ட் வந்துவிட்டால் அந்த உத்தரவு ரத்தாகும். மெஷின் நின்றதும் யூபிஎஸ்ஸும் அணைந்துகொள்ளும். மறுபடி கரண்ட் வந்தவுடன் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் ஒரு செட்டிங். மெயின் சுவிட்சை அண்ணாச்சியே இறக்கினார். எல்லாம் அடங்கிக் கால் மணி நேரம் கழித்து ஏற்றினார். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். திரையில் பச்சை நிறத்தில் ஓகே, ஓகே என்று வரிகள் ஓடின. 75 நின்றது, யோசித்தது, வந்தது. 85 வந்தது. கவுண்ட்டர் பிரிண்டர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதமே அவரை வேறு பிரிவுக்கு மாற்றலாமா என்று மேலே பேச்சு எழுந்தது. நான் பயந்த மாதிரியே. அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

"சார், மெஷின ஒழுங்கா நிறுத்துனாலும், மறுநா எழும்பும்போது டேட்டாபேஸ் ரொம்ப நேரம் எடுக்கு. பொத்துனு விழுந்தாத்தானே அப்படி எடுக்கணும்?" அத்தோடு விடவில்லை. நிறுத்தும்போது திரையில் ஓடுகிற வரிகளை மூன்று நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிரிண்டரை நிறுத்துகிறேன், மெயிலை நிறுத்துகிறேன் என்று எல்லா வரியும் வருகிறது. டேட்டாபேஸை நிறுத்துகிறேன் என்ற வரி மட்டும் வரவில்லை.

காரணம் இதுதான். ரெட் ஹாட்டில் ஒரு வேலையைக் கிளப்பினால், 'சப்சிஸ்' என்ற ஃபோல்டரில் அதன் பெயரில் ஒரு காலி ஃபைலை அடையாளமாக வைக்கவேண்டும். மெஷினை நிறுத்தும்போது அந்த அடையாளம் இருந்தால்தான் 'இது ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்தவேண்டும்' என்று தெரியும். இல்லாவிட்டால் அந்த கே ஸ்கிரிப்டைத் தாண்டிப் போய்விடும். வெளியிலிருந்து வந்த டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட் அந்த ஃபைலை வைக்கவேயில்லை. ஆக ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படாமல், கடைசியில் மிச்சம் மீதி புரோகிராம்களை அடித்து நிறுத்தும்போது அதோடு சேர்ந்து அடிபட்டிருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் கணக்கே கெட்டுப்போயிருக்கும். சேர்க்கவேண்டியிருந்தது இரண்டே வரி.

கண்டுபிடித்தவர் யார் என்பதைத் தேதியோடு ஃபைலில் எழுதி மேலே அனுப்பினேன். மாற்றல் பேச்சு அடங்கியது. ரிட்டயர் ஆகும்வரை அண்ணாச்சி அங்கேயேதான் இருந்தார். இரண்டு இளம் ஆபரேட்டர்களுக்கு அந்தக் குறிப்புகளை வைத்தே பாடம் எடுத்தார். முக்கியமான விஷயம், அந்த வருஷம் தீபாவளிக்கு மனைவியோடு மகள் வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கினார்.

பிறகு லினக்ஸ் உலகமே மாறியது. லென்னர்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் 2010-ல் சிஸ்டம்டி என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இனிட்டேப் போனது, எண்கள் போயின. ரன்லெவல் 3-க்குப் பதிலாக 'மல்டி யூசர் டார்கெட்', 5-க்குப் பதிலாக 'கிராஃபிக்கல் டார்கெட்' என்று பெயர்கள் வந்தன. இதை ஏற்பதா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடந்தது. டெபியன் குழுவில் 2014-ல் ஓட்டு சமமாகி, தலைவரின் ஓட்டால்தான் சிஸ்டம்டி வென்றது. பிடிக்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்று தனிக்குடித்தனமே தொடங்கினார்கள். பழைய முறையில் ஊறிய என் நண்பர்கள் பலர் இன்றும் சிஸ்டம்டியைத் திட்டுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கையில் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் குறை. அதில் நியாயமும் இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று. அது எண் கேட்பதில்லை, உறவு கேட்கிறது. 'ஆஃப்டர்' என்று எழுதினால் இன்னதற்குப் பிறகு. 'ரிக்வயர்ஸ்' என்று எழுதினால் இன்னது இல்லாமல் முடியாது. இரண்டும் வேறு வேறு. 'ரிக்வயர்ஸ்' மட்டும் எழுதி 'ஆஃப்டர்' எழுதாவிட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். நிறுத்தும்போது 'ஆஃப்டர்' வரிசையைத் தானே தலைகீழாக்கிக்கொள்ளும். 85 ஏன் 85 என்று அண்ணாச்சி கேட்டதில் பாதிக்கு அங்கே பதில் இருக்கிறது. மீதிப் பாதியை, அதாவது பேட்டரி தீர்வதையும் ரசீதோடு நிற்கிற மனிதரையும், எந்த மென்பொருளும் தானாகத் தெரிந்துகொள்ளாது. மனிதர்தான் எழுதவேண்டும்.

நான் ரிட்டயர் ஆன பிறகு, 2016-ல் அந்த அலுவலகத்து சர்வரைப் புதிய ரெட் ஹாட்டுக்கு மாற்றினார்கள். செய்தது ஒரு இளம் பெண் இன்ஜினியர். பழைய ஸ்கிரிப்டை அப்படியே விட்டிருந்தாலும் சிஸ்டம்டி சமாளித்திருக்கும். அவர் பொறுமையாகக் குறிப்புகளைப் படித்து எல்லாவற்றையும் புதிய முறையில் எழுதியிருக்கிறார். பிறகு ஒரு விழாவில் என்னைப் பார்த்தபோது சொன்னார்: "உங்களுக்கு போன் பண்ணிக் கேக்கணும்னு நம்பர் வாங்கி வச்சிருந்தேன் சார். ஆனா தேவைப்படல."

சர்வீஸில் எத்தனையோ பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன். எதுவும் இதற்கு ஈடாகாது. லேசாக வலிக்கவும் செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி அன்றைக்குப் பயந்தது இந்த வலிக்குத்தான்.

என் வயதில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பேங்க் லாக்கர், இன்ஷூரன்ஸ், மோட்டார் வால்வு, மாத்திரை நேரம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருப்பீர்கள். நல்லது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'ஏன்' என்பதையும் எழுதிவிடுங்கள். நாம் பக்கத்தில் இல்லாத ராத்திரியில் அதுதான் உதவும்.

அந்தப் பெண் சொன்னதை அன்று இரவே அண்ணாச்சிக்கு போன் போட்டுச் சொன்னேன். காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. மெஷின் மாறியது, முறை மாறியது, எண்ணெல்லாம் போய்விட்டது என்று சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தேதி பாக்கது இருக்குல்லா?"

"இருக்கு அண்ணாச்சி."

"அப்பம் சரி" என்றார்.